பூச்சி மாதிரிப் பெட்டியில் தூள் தெரிந்தால்

ஊசியில் குத்திய மாதிரிக்கு அடியில் பழுப்புத் தூள் குவிந்திருந்தால், பெரும்பாலும் அருங்காட்சியக வண்டின் புழு உள்ளே தின்றுகொண்டிருக்கிறது. அது உரித்துப் போட்ட மயிரடர்ந்த தோல்களும் மூலைகளில் கிடக்கும். அந்தப் பெட்டியை உடனே மற்றவற்றிலிருந்து தனியே எடுத்து வையுங்கள்.

புழுவைக் கொல்ல, பெட்டியைத் தடித்த பாலிதீன் பையில் இட்டு, காற்றை முடிந்தவரை வெளியேற்றி ஒட்டி, உறைவிப்பானில் வையுங்கள். மைனஸ் 30 டிகிரி செல்சியஸில் 3 நாள் போதும். மைனஸ் 20 வரைதான் போகும் என்றால் 2 வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், குளிர்ந்த மாதிரிகள்மேல் நீர் படிந்து பூஞ்சை பிடிக்கும். 24 மணி நேரம் அப்படியே இருக்கட்டும். பிறகு தூளை மென்தூரிகையால் ஒரு துளி விடாமல் அகற்றுங்கள். பழைய தூள் கிடந்தால் புதுத் தாக்குதல் கண்ணுக்குத் தெரியாது.

பித்தளை ஊசியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா? பூச்சியின் கொழுப்பு பித்தளையில் உள்ள செம்போடு வினைபுரிந்ததுதான் காரணம். விட்டால் உடலையே பிளக்கும். ஈரமணலும், பூஞ்சையைத் தடுக்கும் சில தைமால் படிகங்களும் இட்ட மூடிய டப்பாவில் 1-2 நாள் வைத்தால் உடல் இளகும். ஊசியை மெல்லத் திருகி உருவி, அதே துளையில் துருப்பிடிக்காத எஃகு ஊசியைச் செருகுங்கள். பச்சை நிற அந்துப்பூச்சிகளுக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம், ஈரத்தில் நிறம் போய்விடும்.

மாதிரியைப் பிடித்த இடமும் தேதியும் எழுதிய பழைய சீட்டு எவ்வளவு கிழிந்திருந்தாலும் எறியக்கூடாது. அந்த விவரம் போனால் அந்த மாதிரியின் அறிவியல் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். அமிலமற்ற தாளில் எழுதிய புதுச் சீட்டை அதற்குக் கீழே குத்துங்கள்.