பூட்லெக் நாடாவில் பெயர் மாறிய பாடலின் மூலத்தைக் கண்டறிதல்

அனுமதியின்றிப் பதிவாகி, கைக்குக் கை பிரதியெடுக்கப்பட்டுப் பரவிய பூட்லெக் நாடாக்களின் உறையில் காணப்படும் பாடகர் பெயரையும் பாடல் பெயரையும் ஆவணமாகக் கொள்ளக் கூடாது. யாரோ ஒருவர் ஏதோ ஒரு சமயத்தில் தமக்குத் தெரிந்ததையோ, தெரிந்ததாக நினைத்ததையோ, விற்பனைக்கு உதவும் என்று கருதியதையோ எழுதிவைத்த கூற்று அது. ஆகவே ஒரு பாடல் தவறான பெயரில் சுற்றிவருகிறது என்ற ஐயம் எழுந்தால் இரண்டு விசாரணைகளைத் தனித்தனியே நடத்த வேண்டும். பாடியவரும் வாசித்தவரும் யார், எங்கே, எப்போது என்பது ஒன்று. இந்தத் தவறான பெயர் முதன்முதலில் எங்கே வந்து ஒட்டிக்கொண்டது என்பது மற்றொன்று. பலரும் முதல் கேள்வியை மட்டுமே துரத்துகிறார்கள். ஆனால் தவறு நுழைந்த இடத்தைக் காட்ட முடியாதவரை, பழைய பெயரை நம்புகிறவர்கள் அதை விடுவதில்லை என்பதால், இரண்டாவது கேள்விக்கே நான் கூடுதல் மதிப்பு தருவேன்.

முதலில் நாடாவைக் காப்பாற்றுங்கள்

ஆராய்ச்சி தொடங்கும் முன் நாடாவை ஒரே முறையில் முழுமையாக டிஜிட்டலாக மாற்றிவிடுவது நல்லது. பழைய நாடா ஒவ்வொரு ஓட்டத்திலும் தேய்கிறது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில், சுருக்கப்படாத கோப்பாகவோ, ஒலித்தரம் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாகவோ சேமியுங்கள். 'அசிமத்' எனப்படும், நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வை, உச்ச ஒலிகள் மிகத் தெளிவாகக் கேட்கும் நிலைக்குத் திருத்திய பிறகே பதிவைத் தொடங்க வேண்டும். இரைச்சல் நீக்கும் மென்பொருளை இந்த மூலப் பிரதியில் பயன்படுத்தவே கூடாது. கேட்பவருக்குத் தொல்லையாகத் தோன்றும் ரீங்காரமும் சீறலும் பொத்தான் அழுத்தும் சத்தமும்தான் ஆராய்பவருக்குத் தடயங்கள். உறையின் இரு பக்கங்களையும், நாடாவில் ஒட்டிய சீட்டையும், ஓட்டில் அச்சான தயாரிப்புக் குறிகளையும் படமெடுத்து வையுங்கள். உலோக நாடாக்கள் 1979-ஐ ஒட்டித்தான் சந்தைக்கு வந்தன. எனவே அத்தகைய நாடாவில் உள்ள பிரதி அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. ஆனால் நாடாவின் வயது பிரதியின் வயதைத்தான் சொல்லும், நிகழ்ச்சியின் வயதை அல்ல என்பதை மறக்கக் கூடாது.

ஐயத்துக்குரிய பாடல் நாடாவில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 90 நிமிட கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம் ஓடும். கச்சேரி 40 நிமிடத்தில் முடிந்தால் மிச்சமுள்ள 5 நிமிடத்தை, பிரதி எடுத்தவர் கைக்குக் கிடைத்த வேறு ஒரு பாடலால் நிரப்பியிருப்பார். அடுத்த பிரதியில் அந்த நிரப்பியும் அதே கலைஞரின் பாடலாகிவிடும். பெயர் மாற்றங்களில் கணிசமானவை இவ்வாறு, எவருடைய தீய நோக்கமும் இல்லாமல், பக்கத்தின் கடைசியிலேயே பிறக்கின்றன. அந்த இடத்தில் ஒலியின் தன்மை திடீரென மாறுகிறதா, பின்னணிச் சீறலின் அளவு ஏறி இறங்குகிறதா, கைதட்டல் பாதியில் அறுபடுகிறதா என்று ஹெட்ஃபோனில் கேட்டால், அது வேறு மூலத்திலிருந்து ஒட்டப்பட்டதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வேகத்தைச் சரிசெய்யாமல் குரலைப் பற்றிப் பேச வேண்டாம்

கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும் என்பது விதி. நடைமுறையில் மலிவான கருவிகள் அதிலிருந்து விலகின. பிரதிக்குப் பிரதி அந்த விலகலும் சேர்ந்துகொண்டே போனது. சுமார் 6 சதவீதம் வேகம் கூடினால் சுருதி அரைச்சுரம் ஏறிவிடும். அப்போது பாடகரின் குரல் இளமையாகவும் மெலிதாகவும் மாறி, வேறொரு புகழ்பெற்ற குரலை நினைவூட்டக்கூடும். "குரலைக் கேட்டாலே தெரிகிறதே" என்ற வாதத்தை, வேகம் திருத்தப்படாத நாடாவின் மேல் நின்று முன்வைக்கும்போது நான் செவிசாய்ப்பதில்லை.

திருத்தும் வழி மின்சாரத்தில் இருக்கிறது. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் எந்த அலைவெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் அலைவெண் வரைபடத்தைத் திறந்து, பாடல்களுக்கு இடையிலுள்ள மௌனத்தில் மின்னோட்டத்தின் ரீங்காரத்தைத் தேடுங்கள். ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் அது 50 ஹெர்ட்ஸ். வட அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் கிழக்குப் பகுதி 50, மேற்குப் பகுதி 60. ரீங்காரம் 52 ஹெர்ட்ஸில் தெரிந்தால், அது 50 ஹெர்ட்ஸ் நாட்டில் பதிவாகி 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று கருத இடமுண்டு. அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸ் கோடுகளும் அதே விகிதத்தில் நகர்ந்திருக்க வேண்டும். மௌனத்தில் அளக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பேஸ் கிதாரின் கீழ் 'ஜி' சுரம் 49 ஹெர்ட்ஸில் இருப்பதால், பாடல் ஓடும்போது அளந்தால் இசைக்கருவியையே மின்சாரம் என்று எண்ணிவிடலாம். ஒன்றுக்கு மேற்பட்ட ரீங்காரக் கோடுகள் அருகருகே தெரிந்தால், ஒவ்வொரு பிரதியும் தன் கருவியின் ரீங்காரத்தைச் சேர்த்திருக்கிறது என்று பொருள். அத்தனையிலும் மூலப் பதிவுக்குரியது எது என்பதை முடிவு செய்வது எளிதல்ல. பியானோ போன்ற நிலையான சுருதியுள்ள கருவி பாடலில் இருந்தால் அதையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வரைபடம் வேறு சிலவற்றையும் காட்டும். 19 கிலோஹெர்ட்ஸில் மெல்லிய, நிலையான கோடு இருந்தால் அது பண்பலை ஸ்டீரியோ ஒலிபரப்பின் துணைச் சமிக்ஞையாக இருக்கலாம். ஆனால் பல கேசட் கருவிகளில் அதை வடிகட்டும் அமைப்பு இருந்ததால், கோடு இல்லாமை எதையும் நிரூபிக்காது. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிக்கு அருகில் பதிவானது என்றால், ஐரோப்பிய முறையில் 15,625 ஹெர்ட்ஸிலும் அமெரிக்க முறையில் 15,734 ஹெர்ட்ஸிலும் கீச்சொலி தெரியும். இரண்டுக்கும் இடையே ஒரு சதவீத வேறுபாடுகூட இல்லை என்பதால், வேகத்தைத் திருத்தியபின்தான் அதைப் படிக்க வேண்டும். 'மூல நாடாவிலிருந்து நேராக எடுத்தது' என்ற குறிப்புடன் வரும் கோப்பில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் ஒன்றுமே இல்லையென்றால், இடையில் அது எம்பி3 ஆகச் சுருக்கப்பட்டது என்று ஐயப்படலாம். அந்தக் குறிப்பில் உள்ள மற்றச் செய்திகளையும் அந்த அளவுக்கே நம்ப வேண்டும்.

வெளிவராத பாடல் என்று நம்புவதற்கு முன்

அரிய, வெளிவராத பாடல் என்று பெயர் பெற்ற ஒன்று, வேறொருவர் முறையாக வெளியிட்ட சாதாரண இசைத்தட்டாக இருப்பது வியக்கத்தக்க அளவுக்கு வழக்கமானது. பீட்டில்ஸ் குழுவின் வெளிவராத பாடல் என்று பூட்லெக் தட்டுகளில் இடம்பெற்ற 'தி எல்.எஸ். பம்பிள் பீ', பீட்டர் குக், டட்லி மூர் என்ற நகைச்சுவை இணையர் 1967-இல் வெளியிட்ட பாடல். பீட்டில்ஸ் பாடகர் ஜான் லென்னனின் பாடலாகச் சுற்றிய 'சீஸ் அண்ட் ஆனியன்ஸ்' பதிவு, நீல் இன்னஸ் 1977-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடியது. இவை இரண்டுமே வேண்டுமென்றே அந்தச் சாயலில் செய்யப்பட்ட கேலிப் படைப்புகள். எனவே சாயல் எவ்வளவு அச்சாக இருக்கிறதோ அவ்வளவுக்கு, போலச் செய்தவர்களின் பட்டியலையும் பார்க்க வேண்டும்.

வேகம் திருத்திய கோப்பை, பாடலைக் கேட்டு அடையாளம் சொல்லும் ஷசாம் போன்ற செயலிகளுக்கும், மியூசிக்பிரெயின்ஸ் என்ற இசைத் தரவுத்தளம் பயன்படுத்தும் ஒலிக் கைரேகைச் சேவைக்கும் கொடுத்துப் பாருங்கள். திருத்தாமல் கொடுத்தால் சில சதவீத விலகலே அவற்றை ஏமாற்றப் போதும். விடை வந்தால் அதைக் குறிப்பாகக் கொண்டு மேலே செல்லலாம். வராவிட்டால், அந்தத் தட்டு அவர்களுடைய தொகுப்பில் இல்லை என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

அடுத்து வரிகள். கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். ஐயமான சொற்களுக்கு மாற்று வடிவங்களையும் பக்கத்தில் எழுதுங்கள். திரும்பத் திரும்ப வரும் பல்லவியைவிட, வேறு எங்கும் வர வாய்ப்பில்லாத நான்கைந்து சொற்கள் கொண்ட சரணத் துண்டே தேடலுக்கு உகந்தது. பூட்லெக்கில் எழுதியிருக்கும் பாடல் தலைப்பும் பெரும்பாலும் பல்லவியைக் கேட்டு ஊகித்ததாகவே இருக்கும் என்பதால், அந்தத் தலைப்பில் தேடி ஒன்றும் கிடைக்காததை வைத்துப் பாடல் பதிவாகவே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. டிஸ்காக்ஸ், 45கேட் போன்ற தட்டுப் பட்டியல்களில் தலைப்பு, பாடல் நீளம், இயற்றியவர் பெயர் மூன்றையும் ஒப்பிடுங்கள். இயற்றியவரும் பாடியவரும் ஒருவரே என்று எடுத்துக்கொள்வது மற்றொரு பொதுவான வழுக்கல்: இயற்றியவர் பெயர் சரியாகவே இருந்து, பாடியவர் மட்டும் வேறொருவராக இருப்பதுண்டு.

காப்புரிமைப் பதிவேடுகள் பயனுள்ளவை. ஆனால் பதிவு வதந்திக்கு முந்தையதா பிந்தையதா என்று பார்த்தாக வேண்டும். 1976-இல் இசைஞர் பெயர்களே இல்லாமல் தட்டு வெளியிட்ட கிளாட்டு என்ற கனடியக் குழு, பீட்டில்ஸ்தான் என்று அடுத்த ஆண்டு பரபரப்பாகப் பேசப்பட்டபோது, வாஷிங்டனில் உள்ள காப்புரிமை அலுவலகப் பதிவே உண்மைப் பெயர்களைக் கொடுத்தது. மாறாக, தி ஃபுட் என்ற பெயரில் 1970-இல் வெளிவந்த 'ஹேவ் யூ ஹெர்ட் தி வேர்ட்' என்ற தட்டு, பூட்லெக்குகளில் பீட்டில்ஸ் பாடலாகவே புழங்கி, 1985-இல் லென்னனின் படைப்பாகப் பதிவு செய்ய அவருடைய மனைவி யோகோ ஓனோ தரப்பிலிருந்து முயற்சி நடக்கும் அளவுக்குப் போனது. அதன் பின்னால் இருந்தவர்களோ பீ ஜீஸ் குழுவின் மாரிஸ் கிப்பும் டின் டின் குழுவினரும். வதந்தியிலிருந்து பிறந்த பதிவை வதந்திக்குச் சான்றாகக் காட்டுவது சுற்றுவாதம். கலைக்களஞ்சியக் குறிப்புகளிலும் ரசிகர் பட்டியல்களிலும் இந்தச் சுற்றுவாதம் இன்னும் அதிகம்.

உறையில் உள்ள பெயர் முற்றிலும் புனைவாகவும் இருக்கலாம். 1954-இல் அமெரிக்காவில் வந்த வாக்னரின் 'ரிங்' இசைநாடகத் தட்டுகளில் ஃபிரிட்ஸ் ஷ்ரைபர் என்ற நடத்துநரின் பெயர் இருந்தது. உண்மையில் அது 1953-இல் ஜோசப் கைல்பெர்ட் என்ற நடத்துநர் ஜெர்மனியின் பாய்ராய்ட் இசைவிழாவில் நடத்தியதன் ஒலிபரப்பு. இப்படி ஒரு பெயர் வேறு எந்த நிகழ்ச்சி அறிவிப்பிலும், விமரிசனத்திலும், தட்டிலும் தலைகாட்டவில்லையென்றால், அந்த ஆளைத் தேடுவதை விட்டுவிட்டு அந்தக் காலத்து ஒலிபரப்புகளைத் தேடத் தொடங்குங்கள்.

பெயரின் வழியைப் பின்தொடர்தல்

அந்தப் பாடல் இடம்பெற்ற எல்லாப் பூட்லெக் வெளியீடுகளையும், கிடைக்கும் நாடாப் பரிமாற்றப் பட்டியல்களையும் காலவரிசையில் அடுக்குங்கள். எதில் முதன்முதலாக இந்தப் பெயர் வருகிறது, அதற்கு முந்தையவற்றில் 'பெயர் தெரியாதது' என்று இருந்ததா, கேள்விக்குறி இருந்ததா என்று பாருங்கள். கேள்விக்குறியுடன் தொடங்கிய ஊகம், இரண்டு பிரதிகள் தாண்டியதும் கேள்விக்குறியை இழந்து உறுதியாகிவிடுவதைப் பல பட்டியல்களில் காணலாம். ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தவர்கள், இரு சுவடிகளில் ஒரே பிழை இருந்தால் இரண்டுக்கும் மூலம் ஒன்றே என்று கொண்டதைப் போல, இங்கும் பொதுப் பிழைகளே உறவைக் காட்டும்: ஒரே இடத்தில் ஒலி அறுபடுதல், ஒரே எழுத்துப்பிழை, ஒரே தவறான தேதி. இவ்வாறு பத்துப் பிரதிகள் ஒரே தாய்ப் பிரதியிலிருந்து வந்தவை என்று தெரிந்தால், அவை பத்துச் சாட்சிகள் அல்ல, ஒரே சாட்சி.

தட்டாகவே வெளிவராத பாடலுக்குப் பட்டியல்கள் உதவாது. அப்போது அக்கால உள்ளூர் நாளிதழ்களையும், இசைப் போட்டி அறிவிப்புகளையும், வானொலி நிகழ்ச்சி நிரல்களையும் புரட்ட வேண்டும். ஜெர்மானிய வானொலியிலிருந்து 1984-ஐ ஒட்டி வீட்டில் கேசட்டில் பதிவாகி, பல ஆண்டுகள் உலகெங்கும் தேடப்பட்ட ஒரு பாடல், 2024 நவம்பரில் கீல் நகரத்து ஃபெக்ஸ் குழுவின் 'சப்வேஸ் ஆஃப் யுவர் மைண்ட்' என்று அடையாளம் காணப்பட்டது; பழைய செய்தித்தாளில் அக்குழுவைப் பற்றி வந்த செய்தியிலிருந்துதான் தேடியவர் குழுவினரை எட்டினார். காலத்தைக் குறுக்க, கேட்கும் கருவிகளும் உதவும்: யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசரின் ஒலி இருந்தால் பதிவு 1983-க்கு முந்தையதல்ல.

சம்பந்தப்பட்டவரை அணுகும்போது நீங்கள் ஐயப்படும் பெயரைச் சொல்லாமல், ஒலித் துண்டை மட்டும் அனுப்பி, இது என்ன என்று கேளுங்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால் மரியாதைக்காகவோ மறதியாலோ ஆமோதித்துவிடுவார்கள். நாற்பது ஆண்டு பழைய நினைவு உறுதியாகப் பேசினாலும், அவரிடமுள்ள நாடா, ஒப்பந்தம், நாட்குறிப்பு போன்ற ஒன்றை வைத்து ஒத்துப்பார்ப்பது தவறில்லை.

கடைசி ஒப்பீடும் பதிவும்

மூலம் என்று கருதும் தட்டு கிடைத்ததும், இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றை இடக் காதிலும் மற்றதை வலக் காதிலும் வைத்துக் கேளுங்கள். தவறிய சுரம், மூச்சு வாங்கும் இடம், முரசின் சிறு தடுமாற்றம் எல்லாம் ஒரே கணத்தில் விழுந்தால் அது அதே பதிவு. தொடக்கத்தில் ஒத்து, போகப்போக விலகினால் வேகத் திருத்தத்தில் பிழை இருக்கலாம். விட்டுவிட்டு ஒழுங்கின்றி விலகினால் அதே பாடலின் வேறு பதிவு. பியானோ கலைஞர் ஜாய்ஸ் ஹாட்டோவின் பெயரில் வந்த தட்டுகள் பிறருடைய வாசிப்புகள் என்பது 2007-இல் இத்தகைய ஒப்பீட்டால்தான் உறுதியானது. அவற்றில் சிலவற்றின் வேகம் மாற்றப்பட்டிருந்தும் தப்ப முடியவில்லை.

முடிவை எழுதும்போது ஒலியால் நிரூபணமானது, ஆவணத்தால் நிரூபணமானது, ஒருவர் சொல்லால் மட்டும் வந்தது என்று மூன்றையும் பிரித்து எழுதுங்கள். இன்னார் பாடியது அல்ல என்பது உறுதியாகி, பாடியவர் யார் என்பது தெரியாமல் நிற்பதும் முழுமையான முடிவுதான். வெற்றிடத்தைப் புதிய ஊகத்தால் நிரப்ப வேண்டாம். கோப்பின் குறிப்பில் சரியான பெயருடன், 'முன்பு இன்ன பெயரில் வழங்கியது' என்று பழைய தவறான பெயரையும் சேர்த்தே வையுங்கள், ஏனெனில் அடுத்துத் தேடி வருகிறவர் அந்தப் பெயரைத்தான் தட்டச்சு செய்வார்.