பைட்டர் மீனைச் சோடி போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் பைட்டர் வளர்க்கிற பெடியள் கூடிவிட்டார்கள். பரந்தனிலும் மாங்குளத்திலும் மாமரத்தடியில் ரெஜிபோம் பெட்டி வைத்துக் குஞ்சு எடுக்கிறார்கள். நல்ல விசயம்தான். ஆனால் கேட்கிற கேள்விகளும் செத்துப்போகிற குஞ்சுகளும் அந்தக் காலத்தில் எங்களுக்கு நடந்ததில் இருந்து கொஞ்சமும் மாறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் போடாதீர்கள், சோறு போடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எதிர்பார்க்க வேண்டாம். அது எல்லோருக்கும் தெரியும்.

கிணற்றுத் தண்ணீரைத் திருத்தப் பார்ப்பது

தாய்லாந்தின் வயல்களிலும் சதுப்புகளிலும் இருந்து வந்த மீன், அதற்கு மென்மையான, சற்றே அமிலத்தன்மை உள்ள தண்ணீர்தான் வேண்டும் என்று யாரோ வீடியோவில் சொல்ல, கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிற எங்கள் கிணற்றுத் தண்ணீருக்குள் தேசிக்காய் பிழிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வன்தண்ணீரின் பிஎச் அப்படி ஒரேயடியாக இறங்கி நிற்காது. இன்றைக்கு இறங்கும், நாளைக்குத் திரும்ப ஏறும். வன்தண்ணீரை இந்த மீன் தாங்கும், அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் தாங்காது. கடையில் கிடைப்பவை தலைமுறை தலைமுறையாகத் தொட்டியில் பிறந்தவை, உங்கள் கிணற்றுக்கும் மெல்ல மெல்லப் பழகிவிடும். குழாய்க்கிணற்றுத் தண்ணீர் என்றால் அகலமான வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள், குளோரின் போட்ட குழாய்த் தண்ணீருக்கும் அப்படியே. காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றைப் போட்டால் தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி ஆகும், மீனுக்கும் பிடிக்கும். மாரியில் மழைத்தண்ணீர் பிடிப்பதென்றால், முதல் மழை கூரையைக் கழுவிப் போன பிறகு பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலவுங்கள்.

பெண்ணை நேரே ஆணிடம் இறக்கிவிடுவது

வீட்டில் பழைய லாம்புச் சிமினி இருக்கும். கரண்ட் இல்லாத காலத்தைப் பார்த்த வீடு என்றால் கட்டாயம் இருக்கும். நான்கு, ஐந்து அங்குலத் தண்ணீர் உள்ள பெட்டியின் நடுவில் அதை நிறுத்தி, பெண்ணை அதற்குள் விடுங்கள். ஆண் அவளைக் கண்டு கூடு கட்டத் தொடங்கும். பாதியாக வெட்டிய யோகட் கப் ஒன்றை மிதக்கவிட்டால் அதன் கீழேயே நுரைக்கூட்டைக் கட்டிவிடும். பெண்ணின் உடலில் மேலிருந்து கீழாகக் கோடுகள் விழுந்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும்போது சிமினியைத் தூக்குங்கள். கூடு இல்லாமல், கோடு இல்லாமல் திறந்துவிட்டால் காலையில் செட்டை கிழிந்த பெண்தான் மிஞ்சும். முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை எடுத்துவிட வேண்டும். கூட்டுக்குக் கிட்ட வந்தால் ஆண் கொன்றும் போடும்.

குஞ்சுக்குச் சாப்பாடு தயாராகும் முன் சோடி போடுவது

இன்னமும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். மற்றத் தவறுகளில் ஒரு மீன் போகும், இதில் ஒரு முழு ஈட்டும் போய்விடும். போனதும் ஆட்கள் "தண்ணி சரியில்லை", "சோடி சரியில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த சோடிக்குக் காசு சேர்ப்பார்கள்.

போன் வரும். "அண்ணை, குஞ்செல்லாம் நீந்தத் தொடங்கிட்டுது, என்ன குடுக்கிறது?" இந்தக் கேள்வி வரும்போது காரியம் அநேகமாக முடிந்துவிட்டது.

நாட்களைப் பாருங்கள். முட்டை இட்டு ஒன்றிலிருந்து இரண்டு நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சு வால் கீழே தொங்கக் கூட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், விழுவதை ஆண் வாயால் பொறுக்கித் திரும்ப வைக்கும். வயிற்றில் உள்ள மஞ்சள் கருவின் பை இரண்டு மூன்று நாளில் கரைந்துவிடும். அது கரைகிற நேரமும் குஞ்சு கிடையாக நீந்தத் தொடங்குகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். அன்றைக்கே ஆணை எடுக்க வேண்டும், அன்றைக்கே வாய்க்குள் போகும் அளவில் உயிருள்ள இரை தொட்டியில் இருக்க வேண்டும். அந்த இரையை வளர்க்க ஒரு வாரமாவது வேண்டும். குஞ்சு நீந்திய பிறகு தொடங்கினால் எப்படிச் சரிவரும்?

புதுக்குடியிருப்புப் பக்கத்துத் தம்பி ஒருவர் கொழும்பில் இருந்து செப்பு நிற ஹாஃப்மூன் (வால் அரைவட்டமாக விரிகிற வகை) சோடி ஒன்றை பஸ்சில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். நல்ல மீன், விலையும் அப்படித்தான். சோடி போடுவதற்கு முதலே கேட்டேன், "சின்னக் குஞ்சுக்கு ஏதாவது வச்சிட்டீரோ?" "அது பாப்பம் அண்ணை." பார்த்த விதம் என்னவென்றால், கடைக்காரர் சொன்னார் என்று அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிழிந்திருக்கிறார். ஒரு நாள் இல்லை, காலையும் மாலையும். நான் போனபோது தண்ணீரின் மேலே எண்ணெய்ப் படலம், அடியில் வெள்ளைப் பூஞ்சணம், பெட்டியைத் திறக்கவே மணம். உயிரோடு இருந்த குஞ்சுகளுக்கு வயிறே இல்லை, இரண்டு கண்ணும் அதன் பின்னால் ஒரு கோடும்தான். இருநூறுக்கு மேல் இருந்ததாக அவர் சொன்னார். அடுத்த நாள் ஒன்றும் இல்லை.

பைட்டர் குஞ்சு அசைகிறதைத்தான் துரத்தும். அசையாத மஞ்சள் கரு அதன் கண்ணுக்கு இரையே இல்லை. தப்பித்தவறிக் கொத்துகிற இரண்டொன்றைத் தவிர மிச்சம் எல்லாம் பட்டினி கிடக்க, போட்ட கரு அடியில் அழுகி அமோனியாவாகும். பசியில் சாகாதது அதில் சாகும். மஞ்சள் கருவால் ஒருபோதும் குஞ்சு பிழைக்காது என்று நான் சொல்லவில்லை. கை பழகினவர்கள் ஊசிமுனை அளவு போட்டு, மிச்சத்தை உடனே உறிஞ்சி எடுத்து, சிலதைப் பிழைக்க வைப்பார்கள். முதல் ஈட்டுக்காரருக்கு அது சரிவராது.

சரி, என்ன செய்வது? சோடிக்கு நல்ல தீன் கொடுத்துத் தேற்றுகிற அந்த இரண்டு வாரத்திலேயே குஞ்சின் தீனையும் தொடங்குங்கள்.

முதலாவது இன்ஃபுசோரியா, அதாவது தண்ணீரில் வாழ்கிற மிகச் சின்ன உயிர்கள். கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் எடுத்து, ஒரு பிடி வைக்கோலோ ஒரு துண்டு வாழைப்பழத் தோலோ போட்டு, பழைய மீன் தொட்டியின் தண்ணீரில் ஒரு கோப்பை ஊற்றி, வாயை மெல்லிய துணியால் கட்டி வெளிச்சமான நிழலில் வையுங்கள். மருந்தடித்த வயலின் வைக்கோல் வேண்டாம், வன்னியில் இதை அழுத்தித்தான் சொல்ல வேண்டும். முதலில் கலங்கி மணக்கும், அப்புறம் மெல்லத் தெளியும். தெளிந்த பிறகு வெயில் பக்கம் பிடித்துப் பார்த்தால் தூசு மாதிரி ஏதோ ஒன்று தானாக அசையும், அதுதான் இரை. தெளிய முதல் ஊற்றினால் அழுகல் தண்ணீரைத்தான் ஊற்றுகிறீர்கள். ஒரே போத்தலை நம்பாமல் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மூன்று போத்தல் வையுங்கள். குளத்துத் தண்ணீரை அப்படியே அள்ளி ஊற்றுவது கெட்டித்தனம் இல்லை, அதில் தும்பியின் குடம்பி வந்தால் ஒரே இரவில் எண்ணிக்கை குறையும்.

இரண்டாவது ஆர்டீமியா. உப்புத் தண்ணீரில் வாழ்கிற, இறால் மாதிரியான சின்ன உயிர், காய்ந்த முட்டையை வாங்கி நாங்களே பொரிக்க வைத்துக் கொடுப்பது. 2022 நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிச் சாமான் விலை ஏறியது எல்லோருக்கும் தெரியும், அதில் இந்த முட்டையும் அடக்கம். பெரிய பேணியை உடைத்துச் சின்னப் பைகளில் திகதி இல்லாமல் விற்பார்கள். ஈரம் பட்டுப் பழசான முட்டை பொரிக்காது. ஆகவே வாங்கின அன்றே ஒரு சிட்டிகை பொரித்துப் பாருங்கள், சோடி போடுவது அதற்குப் பிறகுதான். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு, ஆனையிறவுக் கல்லுப்பே போதும். 28 பாகை அளவுச் சூட்டில், காற்றுப் பம்பு ஓட, ஒரு நாளில் பொரிக்கும். கரண்ட் போகும் என்ற பயம் இருந்தால் இரண்டு விரல் உயரத் தண்ணீர் உள்ள அகலத் தட்டிலும் பொரிக்கலாம், பம்பு தேவையில்லை. பம்பை நிறுத்தி ஒரு பக்கம் டோர்ச் அடித்தால் செம்மஞ்சளாக வெளிச்சத்தில் கூடும், கோது மேலே மிதக்கும். சின்னக் குழாயால் உறிஞ்சி, துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். உப்புத் தண்ணீரோடு ஊற்ற வேண்டாம். பொரித்து நேரம் போகப் போக அதன் சத்தும் குறையும், நேற்றையதை வைத்து இன்றைக்குச் சமாளிக்காதீர்கள்.

நீந்தத் தொடங்கிய முதல் மூன்று நான்கு நாள் இன்ஃபுசோரியா, பிறகு இரண்டையும் சேர்த்து, அப்புறம் ஆர்டீமியா மட்டும். கொடுத்துச் சில நிமிடம் கழித்துக் கண்ணாடிக்குக் கிட்ட முகத்தை வைத்துப் பாருங்கள். குஞ்சு உடலை வளைத்து ஒரு கணம் நிற்கும், பாயும், வயிறு செம்மஞ்சள் மணியாகத் திரளும். எத்தனை குஞ்சுக்கு அந்த மணி இருக்கிறது என்பதுதான் கணக்கு. இல்லாதவை அதிகமாக இருந்தால் ஆர்டீமியா இன்னும் வாய்க்குப் பெரிது, இன்ஃபுசோரியாவை நிறுத்தாதீர்கள்.

மூடி

போடுங்கள். விரால் மேலே வந்து காற்றுக் குடிப்பதைக் குளக்கட்டில் நின்று பார்த்திருப்பீர்கள், பைட்டரும் மேலே வந்து மூச்சு வாங்குகிற மீன்தான். அப்படிக் காற்றில் மூச்சு வாங்குகிற உறுப்பு குஞ்சுக்குச் சில வாரம் போன பிறகுதான் உருவாகும். அந்த நேரத்தில் தண்ணீருக்கு மேலே உள்ள காற்றும் சூடாக, ஈரமாக இருக்க வேண்டும். மார்கழி வாடைக்காற்று திறந்த பெட்டிக்குள் நேரே அடித்தால் தாங்காது.

இரட்டைவாலோடு இரட்டைவால்

வால் இரண்டாகப் பிரிந்த வகையை அதே வகையோடு சோடி போட வேண்டாம். உடல் குறுகி, முள்ளந்தண்டு வளைந்தவை கூட வரும்.

குடம்பி வளர்க்கிற வாளி

பெரிய மீனுக்கு நுளம்புக் குடம்பியை விட நல்ல தீன் இல்லை. ஆனால் வாளியைத் திறந்து வைத்துவிட்டு மறந்தால் ஒரு வாரத்தில் அவ்வளவும் நுளம்பாகப் பறக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டெங்கு வந்தால் என்ன சொல்வீர்கள்? நுளம்பு பெருக இடம்விடுவது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும்கூட. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நிற்கும்போது மீனுக்கென்று சொல்லித் தப்ப முடியாது. இரண்டு நாளுக்கு ஒருக்கா வலையால் முழுவதையும் வடியுங்கள், முடியாவிட்டால் வாளியே வேண்டாம்.

கிணற்றைக் கணக்கில் எடுக்காதது

இரண்டு மூன்று மாதத்தில் ஆண்கள் ஒன்றையொன்று கிழிக்கத் தொடங்கும். ஐம்பது ஆண் தப்பினால் ஐம்பது போத்தல். இரண்டு நாளுக்கு ஒருக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு லீற்றர் மாற்றினாலே ஐம்பது லீற்றர் ஊற வைத்த தண்ணீர் வேண்டும். மாசியில் கிணறு நிரம்பி இருக்கிற சந்தோசத்தில் சோடி போடுவார்கள், ஆண்கள் போத்தலுக்குப் போய் அடுத்த சில மாதம் தண்ணீர் குடிக்கிற காலம் ஆனி, ஆடி, ஆவணி. வாளி அடியில் தட்டுகிற நேரம் வீட்டில் குடிக்கவா, மீனுக்கா என்று அம்மா கேட்பார், அவர் கேட்பது நியாயம். சோடி போடும் நாளில் இருந்து நாலைந்து மாதம் தள்ளி உங்கள் கிணறு எப்படி இருக்கும் என்று பார்த்து நாளைக் குறியுங்கள். மாற்றின தண்ணீரை வாழைக்கு ஊற்றலாம்.

மிஞ்சினதைக் குளத்தில் விடுவது

கூடாது. இரணைமடுவோ முத்தையன்கட்டோ வீட்டுப் பின்னால் உள்ள சின்னக் கேணியோ, எதிலும் விடாதீர்கள். அது இந்த மண்ணின் மீன் இல்லை, தொட்டியில் இருந்த நோயையும் கொண்டு போகும். நிறம் வந்த ஆண்களைப் பத்துப் பன்னிரண்டாகக் கட்டி அலங்கார மீன் கடைக்குக் கொண்டு போங்கள், காசாகத் தராவிட்டாலும் ஆர்டீமியா முட்டைக்கு மாற்றுவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.