வைக்கிங் ஸ்டூ: அடியும் பிடிக்கக் கூடாது, கறியும் வேக வேண்டும்

திறந்தவெளியில் விறகில் வைத்தால் இரண்டு தொல்லை: பார்லி அடிப்பிடிக்கும், கறி ரப்பராக நிற்கும். இரண்டுக்கும் காரணம் எரிகிற தீ. தணலுக்கு மாறியதும் சரியானது.

வைக்கிங்குகள், அதாவது அன்றைய வட ஐரோப்பியக் கடலோடிகள், நார்வேயில் கி.பி. 834-ல் புதைத்த ஓசெபர்க் கப்பலிலேயே இரும்புக் கொப்பரையும் அதைச் சங்கிலியில் தொங்கவிடும் முக்காலியும் இருந்தன. அந்த ஏற்பாட்டை அடிக்க வேறில்லை; சங்கிலியில் ஒரு கண்ணி ஏற்றினால் போதும், சூடு தணியும்.

எலும்போடு ஆட்டுத் தோள்கறி 1 கிலோ, தண்ணீர் 3 லிட்டர், உப்பு 2 தேக்கரண்டி. கறியைக் கொழுப்பில் சிவக்க வதக்கி, தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததும் நுரையை எடுத்துவிட்டுத் தணலுக்கு ஒரு சாண் மேலே தூக்குங்கள். ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னக் குமிழ் வர வேண்டும். தளதளவென்று கொதித்தால் சதை இறுகிவிடும்.

ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் பார்லி, 150 கிராம், முதல்நாள் இரவே ஊறியது. முதலிலேயே போட்டால் மாவுச்சத்து கரைந்து அடியில் படியும்; கருகுவது அதுதான். மரக்கரண்டி அடியைத் தொடும்படி அடிக்கடி கிளறுங்கள். மேலும் ஒரு மணி நேரம்; அதில் கடைசி 30 நிமிடத்துக்கு டர்னிப், லீக்ஸ் (வெங்காய வகை), முட்டைகோஸ். உருளையும் தக்காளியும் அன்று ஐரோப்பாவிலேயே கிடையாது, தயவுசெய்து சேர்க்காதீர்கள்.

நீர் வற்றினால் வெந்நீர் மட்டும் ஊற்றுங்கள்.