புண்ணாக்கின் நார் மாட்டு வயிற்றில் கரைவதற்கு

உசிலம்பட்டி பக்கம் மரச்செக்கு ஓட்டுகிறோம். கடலை, எள், தேங்காய் ஆட்டுவோம். பின்கட்டில் கறவை மாடுகளும் நிற்கின்றன. புண்ணாக்கு வாங்க வருகிறவர்கள் "அக்கா, எதைப் போட்டா பால் கூடும்?" என்றுதான் கேட்பார்கள். "கூட என்ன தட்டை போடுற தம்பி?" என்று நான் திருப்பிக் கேட்பேன். வைக்கோல், சோளத்தட்டை போன்ற நார்த்தீவனம் எது என்று தெரியாமல் புண்ணாக்கைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

தொட்டியில் நாம் போடும் தீவனத்தில் முதலில் கை வைப்பது மாட்டின் பெருவயிற்றில், அதாவது தின்றது முதலில் போய் ஊறும் பெரிய வயிற்று அறையில், வாழும் நுண்ணுயிர்கள். நாரை உடைக்கும் நொதி மாட்டின் உடம்பில் சுரப்பதில்லை. ஃபைப்ரோபாக்டர், ருமினோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் நாரில் ஒட்டிக்கொண்டு அதன் முக்கியப் பொருளான செல்லுலோஸைப் பிரிக்கின்றன. சில பூஞ்சைகள் வேர் போல உள்ளே இறங்கி, தட்டையின் கெட்டியான பகுதியைப் பிளந்து வழி செய்து கொடுக்கின்றன. பெருவயிற்று நீர் ஒரு மில்லியில் சுமார் ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். நாரைத் தின்றுவிட்டு அவை வெளியிடும் அசிட்டிக், புரோபியோனிக், பியூட்டிரிக் அமிலங்களை வயிற்றுச் சுவரே உறிஞ்சிக்கொள்கிறது. மாட்டுக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த வழியில்தான் வருகிறது. பாலில் கொழுப்பு உருவாகப் பெரிதும் உதவுவது அசிட்டிக் அமிலம். பால் சொசைட்டியில் கொழுப்பு அளவு இறங்கினால் நான் முதலில் பார்ப்பது தட்டையைத்தான்.

இனி, செய்ய வேண்டியது. மேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் நெல் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். மொத்தத் தீவனத்தில் புரதம் 7 சதவீதமாவது இருந்தால்தான் நாரைத் தின்னும் பாக்டீரியா பெருகும். அதற்குக் குறைந்தால் வைக்கோல் படப்பையே தின்றாலும் மாடு மெலியும். புண்ணாக்கின் முதல் வேலை இங்கேதான். கறவை வற்றிய மாட்டுக்குக்கூட தினமும் அரைக் கிலோ கடலைப் புண்ணாக்கு போட்டுப் பாருங்கள், அதே வைக்கோலை அது கூடுதலாகத் தின்னும், நன்றாகவும் செரிக்கும். வைக்கோலோடு கடலைக்கொடி, அகத்தி, வேலிமசால் எது கிடைத்தாலும் சேருங்கள். கறவை மாட்டுக்கு இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ அடர்தீவனம் (புண்ணாக்கு, தவிடு, குருணை சேர்ந்த கலவை), அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புண்ணாக்கு வேண்டாம் என்பது என் கணக்கு.

எந்தப் புண்ணாக்கு என்றால், கையில் எடுத்து உடைத்துப் பாருங்கள். கடலையிலும் எள்ளிலும் நார் குறைவு, புரதம் அதிகம். எள்ளில் பாஸ்பரஸைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் இருக்கிறது. மாட்டின் நுண்ணுயிர்கள் அதை அவிழ்த்துவிடும், கோழிக்கு அந்த வசதி இல்லை. தேங்காய்ப் புண்ணாக்கின் நார் மெத்தென்று இருக்கும், எளிதில் கரையும். தோலோடு ஆட்டிய சூரியகாந்தியை உடைத்தால் கறுப்புச் சிம்பு சிம்பாக வரும். அதில் கால் பங்குக்கு மேல் நார்தான், அந்த நாரிலும் மரம் போல் கெட்டியாக்கும் லிக்னின் மிகுதி. லிக்னினை எந்த நுண்ணுயிரும் பெருவயிற்றில் உடைப்பதில்லை. விலை மலிவு என்று மூட்டையாக வாங்குவதற்கு முன் இதை யோசியுங்கள். நாட்டுக்கோழிக்கு அதைப் போடவே போடாதீர்கள். கோழியின் குடலில் நாருக்கு இடம் மிகக் குறைவு.

பருத்திக்கொட்டை தனி ரகம். திருமங்கலம், பேரையூர் கரிசலில் விளைவது. மதுரையில் நாம் பருத்திப்பால் குடிக்கிற அதே கொட்டைதான், பிழிந்த சக்கையை வீட்டு மாட்டுக்கு வைப்பதும் பழைய வழக்கம். கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் பஞ்சு ஏறக்குறைய சுத்தமான செல்லுலோஸ். அது பெருவயிற்றில் மெதுவாகக் கரைந்து பால் கொழுப்பைத் தாங்கும். ராத்திரி ஊறவைத்துக் காலையில் ஒன்றிரண்டாக ஆட்டிப் போடுங்கள், ஒரு கிலோ போதும். இதில் காஸிபால் என்ற நச்சு உண்டு. வளர்ந்த மாட்டின் பெருவயிறு அதை ஓரளவு கட்டிப்போடும். பெருவயிறு இன்னும் வேலை செய்யத் தொடங்காத கன்றுக்குப் பருத்திக்கொட்டையோ அதன் புண்ணாக்கோ ஆகாது.

எங்கள் சரக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். மரச்செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் தங்கும், வாசமாக இருக்கும், மாடு விரும்பித் தின்னும். ஆனால் மொத்தத் தீவனத்தில் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டினால் எண்ணெய் நாரின் மேல் படிந்து பாக்டீரியாவை ஒட்டவிடாது, அதைக் கொல்லவும் செய்யும். செக்குப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் இரண்டையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆலையில் எண்ணெயை முழுதாக எடுத்த பிண்ணாக்குத் தூளில் இந்தப் பிரச்சினை இல்லை.

கரைத்துக் குடிக்கவைப்பதை விட்டுவிடுங்கள். கழனித்தண்ணியில் கலக்கினால் மாடு மடமடவென்று உறிஞ்சிவிடும்; மென்றால்தானே எச்சில் ஊறும்? எச்சிலில் உள்ள சோடா உப்புதான் வயிற்றில் புளிப்பு ஏறாமல் காக்கிறது. புளிப்பு ஏறினால் முதலில் சுருண்டுபோவது நாரைத் தின்னும் பாக்டீரியாக்கள்தான். எனவே முதலில் தட்டை, அரைமணி கழித்து கெட்டியாகப் பிசறிய புண்ணாக்கு, அதையும் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. மாட்டுப் பொங்கலன்று ஆசையாகப் பானைச் சோற்றை ஊட்டுவதும் கல்யாண வீட்டு மீதியைக் கொட்டுவதும் இதே காரணத்தால் ஆபத்து. ஒரு கவளம் போதும், மாடு கோபித்துக்கொள்ளாது.

புதுப் புண்ணாக்குக்கு மாறும்போது கால் பங்கில் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை கூட்டி, இரண்டு வாரத்தில் முழுதாக மாற்றுங்கள். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்க் கூட்டமும் அதற்கேற்ப மாற அவகாசம் வேண்டும்.

நார் கரைகிறதா என்று தெரிந்துகொள்ள நான் செய்வது இது. மாவு சலிக்கும் பழைய சல்லடை ஒன்றை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். காலையில் போட்ட புதுச் சாணியை ஒரு டம்ளர் அளவு அதில் போட்டு, குழாய்த் தண்ணீரில் பச்சை நிறம் போகும்வரை அலசுவேன். மிஞ்சுவதை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்க்கவேண்டும். பொடிப்பொடியாக, விரலில் தேய்த்தால் மசிகிற நார் என்றால் எல்லாம் சரி. அரை அங்குலத்துக்கு மேல் நீளமான வைக்கோல் துண்டுகள் நிறைய இருந்தால் அசை போடுவது போதவில்லை. பருத்திக்கொட்டையின் பஞ்சு கரைந்து ஓடு மட்டும் வந்தால் நல்லது. பருப்போடு முழுக் கொட்டை வந்தால் ஆட்டியது போதாது, காசு சாணியில் போகிறது. சூரியகாந்திச் சிம்பு வந்தே தீரும். கொழகொழவென்று சளிப் படலமோ நுரையோ தெரிந்தால் புளிப்பு ஏறியிருக்கலாம், குருணையையும் தவிட்டையும் உடனே குறையுங்கள். படுத்திருக்கும் மாட்டின் வாயையும் கவனியுங்கள். ஒரு கவளத்தை ஐம்பது அறுபது தடவை மெல்லவேண்டும்.

கடலைப் புண்ணாக்கில் பூசணம் கண்டால் துடைத்துப் போடலாம் என்று நினைக்கவே வேண்டாம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தது கடலைப் புண்ணாக்கின் பூசணத்தால்தான். அஃப்ளாடாக்சின் வெளிச்சத்துக்கு வந்ததும் அப்படித்தான். பெருவயிற்று நுண்ணுயிர்களால் அதை முழுதாக அழிக்கமுடியாது. அது உருமாறிப் பாலில் இறங்கும், அந்தப் பாலைக் குடிப்பது நம் பிள்ளைகள். ஐப்பசி அடைமழையில் மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். பூசணம் பிடித்ததைக் குழியில் புதைத்துவிடுங்கள்.

மாடு அசை போடுவதை நிறுத்தி, இடது விலா உப்பினால் எந்தக் கைவைத்தியத்துக்கும் காத்திராமல் கால்நடை அவசர உதவி எண் 1962-க்குப் போன் போடுங்கள். மருத்துவர் வந்ததும் கடைசி இரண்டு நாளில் தொட்டியில் என்னென்ன போட்டீர்கள் என்று ஒன்று விடாமல் சொல்லுங்கள், கல்யாணச் சோறு உட்பட.