செயின்சா: பிஸ்டனை மாற்றிவிட்டுக் கைகழுவாதீர்கள்

சிங்கப்பூரில் சுமத்ராக் காற்று (மழையோடு வரும் சூறைக்காற்று) விடியற்காலையில் அடித்துவிட்டுப் போனால் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களில் கிளை முறிந்து தொங்கும். அன்று முழுக்க செயின்சாவுக்கு ஓய்வில்லை. மறுநாள் சுங்கை காடுட்டில் எங்கள் பட்டறை வாசலில் இரண்டு மூன்று மிஷின் வந்துவிடும்: “அண்ணே, இழுக்கவே மாட்டேங்குது.”

போன மாதம் நான் வெளியே போயிருந்த நேரத்தில், புதிதாகச் சேர்ந்த தம்பி அப்படி வந்த ஒன்றைப் பிரித்துப் பூட்டியிருந்தார். இருபது வருடத்துக்கு முன் நான் செய்த அதே தப்பு. பெட்ரோலில் ஆயில் கலக்க மறக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள்.

காரணம் பார்க்காமல் புது பிஸ்டன் போடுவது

அன்று நானும் கீறல் விழுந்த பிஸ்டனைக் கழற்றி எறிந்துவிட்டு, புது பிஸ்டன், புது சிலிண்டர் போட்டு அனுப்பினேன். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனதில் எனக்குப் பெருமை வேறு. இரண்டாம் நாளே திரும்பி வந்தது, அதே இடத்தில் அதே கீறலோடு. இரண்டாவது செட் எங்கள் கைக்காசு. ஃப்ளைவீல் (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்) பக்கத்து கிராங்க் சீல், அதாவது கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம், காய்ந்து விறைத்துப்போய்க் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. காற்று கூடினால் பெட்ரோல் குறைகிறது, அதோடு சேர்ந்து வரும் ஆயிலும் குறைகிறது. அப்புறம் பிஸ்டன் தாங்குமா?

கீறல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்து, கயிற்றை மெதுவாக இழுத்தாலே பாதி தெரிந்துவிடும். சைலன்சர் பக்கம் நெடுக்குக் கோடுகள் இருந்தால் ஆயில் போதவில்லை, அல்லது காற்றுக் கசிவு, அல்லது சூடு. கார்புரேட்டர் பக்கம் மங்கலாகத் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் உறுமல் உடனே இறங்கவில்லை என்று ஓட்டுபவர் சொன்னால், கசிவைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பழைய சைக்கிள் டியூபை வெட்டி, கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் அடைத்துவிடுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் துளை வழியாக அரை பார் (bar) அழுத்தத்துக்குக் காற்று ஏற்றுங்கள். அழுத்த மீட்டரின் முள் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வரும் இடத்தைத் தேடுங்கள். ஃப்ளைவீலைக் கழற்றாமல் அந்தப் பக்கத்து சீல் கண்ணில் படாது. பிறகு காற்றை உறிஞ்சியும் பாருங்கள். ஊதும்போது தாங்கும் சீல் உறிஞ்சும்போது விட்டுவிடும். கொஞ்ச நேர வேலைதான். தம்பி அதைச் செய்யவில்லை. அவர் பூட்டிய மிஷினில், கார்புரேட்டர் அடியில் இருக்கும் ரப்பரில் மயிரிழை வெடிப்பு இருந்தது.

உப்புத்தாளால் சிலிண்டரைத் தேய்ப்பது

உள்சுவரில் இருப்பது மெல்லிய முலாம். அது போனால் சிலிண்டரே போச்சு. மேலே ஒட்டியிருப்பது பெரும்பாலும் பிஸ்டனின் அலுமினியம்தான். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில், பஞ்சுக் குச்சியால் துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் தொட்டு வைத்தால் அது கரைந்துவிடும். நன்றாகக் கழுவிவிடுங்கள். முலாம் உரிந்த இடத்தில் வைத்தால் சிலிண்டரையும் சேர்த்து அரித்துவிடும்.

பழைய சர்க்லிப்

பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் கம்பி வளையம் இது. கழற்றியதைத் திரும்பப் போட வேண்டாம்.

அம்புக்குறி

பிஸ்டன் தலையில் இருக்கும் அம்பு சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும்.

ஸ்க்ரூடிரைவரை விட்டு பிஸ்டனை நிறுத்துவது

கிளட்சைக் கழற்றும்போது பிஸ்டன் நகராமல் இருக்க, பிளக் துளையில் கொஞ்சம் கயிறு திணித்தால் போதும். அதோடு, கிளட்ச் இடது மரை, கடிகார முள் சுற்றும் திசையில் திருகினால்தான் கழறும். எதிர்ப்பக்கம் திருகி உடைத்தவர்களை எண்ணி மாளாது.

கார் மீட்டரில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்ப்பது

வால்வு மீட்டர் பக்கம் இருந்தால், நீளக் குழாய்க்குள் இருக்கும் இடமும் கணக்கில் சேர்ந்து, இவ்வளவு சின்ன எஞ்சினில் அளவு குறைவாகக் காட்டும். ஒருமுறை 90 பிஎஸ்ஐ என்று பார்த்துவிட்டு சிலிண்டரைக் கழற்றப் போனார்கள். பிளக் முனையிலேயே வால்வு இருக்கும் மீட்டரை மாட்டினேன்: 140.