அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில் புரதத்தின் மூலக்கூறு எடை காண்பது எப்படி?

பதநீர்க் கலயத்தின் அடியில் சுண்ணாம்பு தானாகப் படிந்துவிடும். கருப்பட்டியாகப் போகிற சர்க்கரையோ எவ்வளவு நேரம் வைத்தாலும் படியாது. புரதமும் அப்படித்தான்; புவியீர்ப்பு அதற்குப் போதாது. 1920களில் ஸ்வீடனின் உப்சாலாவில் வேதியியலாளர் ஸ்வெட்பெர்க் உருவாக்கிய, கரைசலை அதிவேகமாகச் சுழற்றும் கருவியான அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் அங்கேதான் கைகொடுக்கிறது.

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் உயிர்வேதியியல் படிப்பவர்கள் எஸ்டிஎஸ் ஜெல் (புரதங்களைப் பிரித்து அளவு வாரியாக ஓடவிடும் சோதனை) ஓட்டியிருப்பீர்கள். அதில் ஹீமோகுளோபின் 16,000 அருகே பட்டையாகத் தெரியும், நான்கு துண்டும் பிரிந்துவிடுவதால். முழு மூலக்கூறு ஏறத்தாழ 64,500. அதை உடைக்காமல் எடை போடத்தான் இந்த முறை.

முதலில் புரதத்தை உப்பு கலந்த பஃபரில் (அமிலத்தன்மை மாறாத கரைசலில்) டயாலிசிஸ் செய்யுங்கள், அதாவது சவ்வுப் பையில் இட்டு ஊறவையுங்கள். பைக்கு வெளியே மிஞ்சும் அதே பஃபரை, புரதக் கரைசலுக்குப் பக்கத்தில் ஒப்பிடுவதற்காக உள்ள அறையில் ஊற்றுங்கள். புதிதாகக் கலக்கிய பஃபர் வேண்டாம். மூன்று செறிவுகள் போதும். சுழலியின் எதிரெதிர்க் குழிகளில் வைக்கும் செல்களின் (கரைசல் அடைத்த சிறு கலங்களின்) எடை ஒத்திருக்க வேண்டும், இதில் சமரசமே கிடையாது.

அப்புறம் 20 டிகிரியில், நிமிடத்துக்கு 12,000 சுற்று. 6.5 செ.மீ. ஆரத்தில் இது புவியீர்ப்பைப் போல் சுமார் 10,500 மடங்கு. சுழற்சி புரதத்தை வெளியே தள்ளும், விரவல் (செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவுவது) உள்ளே இழுக்கும். இரண்டும் சமமாகும்வரை, பெரும்பாலும் ஒரு நாளோ அதற்கு மேலோ, காத்திருங்கள். சில மணி நேர இடைவெளியில் 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலை வைத்து எடுத்த இரண்டு செறிவு ஸ்கேன்கள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தினால் சமநிலை வந்தாயிற்று.

சரி, கணக்கு. ஆரத்தின் வர்க்கத்துக்கு எதிராகச் செறிவின் இயல் மடக்கையை வரைந்து சரிவைக் காணுங்கள். மாட்டு சீரம் அல்புமினுக்குச் சரிவு சதுர சென்டிமீட்டருக்கு 0.575, அதாவது சதுர மீட்டருக்கு 5,750 என்று வைப்போம். அதை 2, வாயு மாறிலி 8.314, வெப்பநிலை 293 கெல்வின் ஆகியவற்றால் பெருக்குங்கள். ஒரு கிராம் புரதம் கரைசலில் அடைக்கும் இடம் 0.733 மி.லி.; பஃபர் அடர்த்தி 1 என்றால் மிதப்புக் காரணி 1 − 0.733 = 0.267. அதையும் கோணவேகம் 1,257 (ரேடியன்/வினாடி) இன் வர்க்கத்தையும் பெருக்கி, அதனால் முந்தைய பெருக்கலை வகுத்தால் மோலுக்கு 66.4 கிலோகிராம் வரும். மூலக்கூறு எடை 66,400.

அந்த 0.733இல்தான் கண் வேண்டும். அதில் ஒரு சதவீதம் தவறினால் எடை கிட்டத்தட்ட மூன்று சதவீதம் தவறும். சர்க்கரை ஒட்டிய புரதங்களுக்கு மதிப்பு இன்னும் குறைவு; பழைய எண்ணையே போட்டுவிடாதீர்கள்.

வரைபடம் நேர்கோடாக வராமல் மேல்நோக்கி வளைந்தால், கனமான திரட்டுகளும் கலந்திருக்கின்றன. கீழ்நோக்கி வளைந்தால் செறிவைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள்.