அ.அ. யார்? இலங்கை அரச கடிதங்களில் வரும் சுருக்கங்களைப் பிழையில்லாமல் வாசிக்கும் முறை

‘அ.அ. பிரதியை இணைக்கவும்’ என்று கடிதம் வந்தால் இணைக்கவேண்டியது அடையாள அட்டையின் பிரதி. ‘அ.அ. இன் அனுமதி கிடைத்துள்ளது’ என்றால் அது அரசாங்க அதிபர். இரண்டு கடிதமும் ஒரே கச்சேரியிலிருந்து, அதாவது மாவட்டச் செயலகத்திலிருந்து, ஒரே கிழமையில் வரலாம். அதனால் சுருக்கங்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதால் அதிகம் பயனில்லை. யார் எழுதியது, எந்த ஆண்டில் எழுதியது, முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் விரித்து வாசிக்கவேண்டும்.

முதலில் கடிதத்தின் தலைப்பைப் பாருங்கள். மேலே ‘எனது இல.’, ‘உமது இல.’, ‘திகதி’ என்று மூன்று இடங்கள் இருக்கும். பதில் எழுதும்போது அவர்களுடைய ‘எனது இல.’ உங்கள் கடிதத்தில் ‘உமது இல.’ ஆகவேண்டும். பலர் இரண்டையும் அப்படியே பார்த்து எழுதிவிடுகிறார்கள், அல்லது இலக்கமே போடாமல் விடுகிறார்கள். அப்படிப் போன கடிதத்தைப் பழைய கோவையுடன் சேர்க்க வழியில்லை. புதுக் கோவை திறக்கப்படும், விடயம் முதலிலிருந்து தொடங்கும்.

இலக்கத்தைச் சாய்கோடுகளில் உடைத்து வாசியுங்கள். உதாரணத்துக்கு ‘தி/ப.சூ/காணி/05/112’ என்று ஒன்று இருந்தால் மாவட்டம், பிரிவு, கிளை, பிறகு கோவை என்று போகும். ‘தி/’ என்றால் திருகோணமலை. பாடசாலைப் பெயர்களின் முன்னால் வருவதும் இதுதான். கிண்ணியாப் பாடசாலையானால் ‘தி/கிண்/’ என்று நீளும். ‘ப.சூ.’ என்பது பட்டினமும் சூழலும்; திருகோணமலை நகரை உள்ளடக்கிய பிரிவின் பெயர் அது.

இங்கேதான் திருகோணமலைக்காரர் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். ‘ப.சூ.பி.செ.’ என்பது பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். ‘ப.சூ.பி.ச.’ என்பது பட்டினமும் சூழலும் பிரதேச சபை. நடுவில் ஒரு கொம்புதான் வித்தியாசம். கையெழுத்தில் கொம்பு விழுந்தால் கடிதம் வேறு கட்டிடத்துக்குப் போய்விடும். காணி அனுமதிப்பத்திரம், பிறப்பு இறப்புச் சான்றிதழ்ப் பிரதி, வாகன வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் செயலகத்தின் வேலை. சோலைவரி, கட்டிட வரைபட அனுமதி, வியாபார உரிமம், உள்ளூர் வீதி, குப்பை எல்லாம் சபையின் வேலை. கேட்கும் விடயம் எதுவோ அதை வைத்துச் சுருக்கத்தைச் சரிபாருங்கள். பேச்சில் ‘டி.எஸ்.’ என்றால் செயலாளர், ‘பி.எஸ்.’ என்றால் சபை. பொலிஸ் கடிதத்தில் அதே ‘பி.எஸ்.’ பொலிஸ் நிலையமாகிவிடும்.

ஆண்டு ஏன் முக்கியம்? பழைய ஆவணங்களில் ‘உ.அ.அ.’ என்று வரும்: உதவி அரசாங்க அதிபர். மூத்தவர்கள் இன்னும் ‘ஏ.ஜி.ஏ. கந்தோர்’ என்றே சொல்வார்கள். 1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு அந்த அதிகாரங்கள் பிரதேச செயலாளரிடம் வந்தன. எனவே பழைய கடிதத்தில் உ.அ.அ. இருந்தால் இன்று போகவேண்டிய இடம் அந்தப் பிரிவின் பிரதேச செயலகம். ஆனால் பிரிவு எல்லை இடையில் மாறியிருக்கலாம். மாவட்டத்தில் இப்போது 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. எதற்கும் உங்கள் கி.சே.பி., அதாவது கிராம சேவையாளர் பிரிவு, எதன் கீழ் வருகிறது என்று கி.உ.விடம், அதாவது கிராம உத்தியோகத்தரிடம், கேட்டுக்கொள்ளுங்கள்.

‘வ.கி.மா.’ இன்னொன்று. 1988 முதல் 2006 வரை வடக்கும் கிழக்கும் ஒரே மாகாண நிருவாகம். 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து, 2007 ஜனவரி 1 முதல் பிரிந்தது. அக்காலத்து ஆசிரியர் நியமனம், இடமாற்றக் கடிதங்களில் இந்த முத்திரைதான் இருக்கும். ஓய்வூதிய வேலைக்கு அவற்றைக் காட்டும்போது ‘முன்னைய வடக்கு கிழக்கு மாகாணம், தற்போது கிழக்கு மாகாணம்’ என்று உங்கள் முகப்புக் கடிதத்தில் விரித்தெழுதினால் கோவை தேவையில்லாமல் யாழ்ப்பாணம் போய்வராது.

ஆங்கில எழுத்துச் சுருக்கங்களில் சிக்கல் இன்னும் கூடுதல். தமிழில் எழுதும்போது ஒருவர் ‘ரி.ஐ.டி.’ என்பார், இன்னொருவர் ‘டி.ஐ.டி.’ என்பார். இரண்டும் பயங்கரவாதத் தடுப்பு விசாரணைப் பிரிவுதான். பழைய பத்திரிகைச் செய்தி தேடுகிறவர் இரண்டு எழுத்துக்கூட்டலிலும் தேடவேண்டும். ‘பி.சி.’ என்பது பொலிஸ் கொன்ஸ்டபிள், ஜனாதிபதி சட்டத்தரணி, மாகாண சபை, தண்டனைச் சட்டக்கோவை ஆகிய நான்கில் எதுவாகவும் இருக்கலாம். பெயருக்கு முன்னால் இலக்கத்துடன் வந்தால் கொன்ஸ்டபிள், பெயருக்குப் பின்னால் வந்தால் சட்டத்தரணி, பிரிவு இலக்கத்துடன் வந்தால் சட்டக்கோவை. ‘எம்.சி.’ வழக்கு இலக்கத்துடன் வந்தால் நீதவான் நீதிமன்றம், வரிப் பற்றுச்சீட்டில் வந்தால் மாநகர சபை.

‘எஃப்.ஆர்.’ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் பிழைவிட்டால் நாள் போய்விடும். கணக்குக் கிளையில் எஃப்.ஆர். என்றால் நிதிப் பிரமாணம், தமிழில் நி.பி. ‘நி.பி. 104’ என்று கடிதம் வந்தால் அரச சொத்து இழப்புப் பற்றிய விசாரணை நடக்கிறது என்று பொருள். சட்டத்தரணி ‘எஃப்.ஆர். போடுவோம்’ என்றால் அது உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரைப்படி மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவுப்படி, அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டு மட்டும் இருந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். விசாரணை உண்மையில் நிலுவையில் இருப்பதைக் காட்டவேண்டி வரும்.

நீதிமன்ற இலக்கங்களில் தனி எழுத்துத்தான் விடயத்தைச் சொல்லும். நீதவான் நீதிமன்றத்தில் ‘பி’ என்று தொடங்கினால் பொலிஸார் விசாரணை நிலையிலேயே அறிக்கை கொடுத்துவருகிறார்கள் என்று பொருள். குற்றச்சாட்டுத் தாக்கலானதும் வேறு இலக்கம் விழும். அப்போது பழைய பி இலக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பதிவறையில் தேடினால் கிடைக்காது. இரண்டையும் குறித்துவையுங்கள். மாவட்ட நீதிமன்றத்தில் இலக்கத்துடன் வரும் ‘எல்’ காணி, ‘பி’ பங்கீடு, ‘எம்’ பணம், ‘டி’ விவாகரத்து, ‘ரி’ இறந்தவரின் ஆதனம் பற்றிய வழக்கு. நீதவான் நீதிமன்றப் பி ஆங்கில அகரவரிசையில் இரண்டாம் எழுத்து, பங்கீட்டுப் பி பதினாறாம் எழுத்து. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதால் வழக்கு இலக்கத்தை மட்டும் ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

காணி ஆவணத்தில் ‘ஏ.றூ.பே.’ என்பது ஏக்கர், றூட், பேர்ச்சஸ். ஏக்கருக்கு 4 றூட், றூட்டுக்கு 40 பேர்ச்சஸ், ஆக ஏக்கருக்கு 160. ‘0.2.15’ என்று இருந்தால் தசமம் என்று எண்ணிவிடாதீர்கள். 2 றூட் என்பது 80 பேர்ச்சஸ், அதனுடன் 15, மொத்தம் 95 பேர்ச்சஸ். ஒரு பேர்ச்சஸ் 25.29 சதுர மீற்றர் என்பதால் அது 0.2403 ஹெக்டேயர். பழைய உறுதியும் புதிய வரைபடமும் பொருந்தவில்லை என்று வரும் சண்டைகளில் சில, இந்தப் புள்ளிகளைத் தசமமாக வாசித்ததால் வந்தவை. ‘எல்.டி.ஓ. பெர்மிட்’ என்பது 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தது. அது உறுதி அல்ல, கைமாற்றி எழுதிக்கொடுக்கவும் முடியாது. கந்தளாய்ப் பக்கம் காணி வாங்கப் பேசும்போது முதலில் பார்க்கவேண்டியது இந்த மூன்று எழுத்தைத்தான்.

தே.அ.அ. என்பது தேசிய அடையாள அட்டை. பழைய இலக்கம் 9 இலக்கமும் வீ அல்லது எக்ஸும். 2016 முதல் 12 இலக்கம். பழையதைப் புதியதாக்க முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் போட்டு, கடைசி எழுத்தை விட்டுவிடவேண்டும். பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கம் 500க்கு மேல் இருந்தால் அது பெண்ணின் அட்டை.

பெயரின் முதலெழுத்தும் ஒரு சுருக்கம்தான், வில்லங்கம் பிடித்த சுருக்கம். ‘த.’ என்பதை ஒரு எழுதுவினைஞர் ஆங்கிலத்தில் ஒரு எழுத்தாலும் இன்னொருவர் வேறு எழுத்தாலும் எழுதுவார். ‘ச.’, ‘க.’, ‘ப.’ எல்லாம் இப்படித்தான். பிறப்புச் சான்றிதழ் ஒன்று சொல்ல, கடவுச்சீட்டு வேறொன்று சொல்லும். பாடசாலையில் சேர்க்கும் நாளிலேயே ஆங்கில எழுத்தை ஒருமுறை தீர்மானித்து எல்லா இடமும் அதையே கொடுங்கள். மாறிவிட்டால் ஜே.பி. (சமாதான நீதவான்) முன்னால் இரண்டும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்து, அதன் மூலப்பிரதியைக் கைவசம் வைத்துக்கொண்டு பிரதிகளை மட்டும் கொடுங்கள்.

மொரவெவ, சேருவில பக்கத்திலிருந்து சிங்களச் சுருக்கங்களுடன் கடிதம் வரும். ‘ஜா.ஹெ. அங்கய’ என்றால் அடையாள அட்டை இலக்கம். படிவமானால் தமிழ்ப் படிவத்தைப் பக்கத்தில் வைத்து வரிசை இலக்கத்தை ஒப்பிடுங்கள், மூன்று மொழியிலும் இலக்கம் ஒன்றுதான். கடிதமானால் தமிழில் தரும்படி எழுத்தில் கேளுங்கள். அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது.

கோவையில் எழுதப்பட்ட குறிப்பு விளங்கவில்லையென்றால் த.அ.உ. சட்டத்தின் கீழ், அதாவது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு. ஆங்கிலத்தில் அவரும் ‘டி.ஓ.’, அபிவிருத்தி உத்தியோகத்தரும் ‘டி.ஓ.’. செயலகத்தில் இரண்டாமவர்கள் பலர் இருப்பார்கள். கடித உறையில் பதவியை முழுதாக எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.